பட்டியலில் யார் பெயர்? பாரபட்சமற்ற உதவி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரிலோ பேரிடரிலோ அகப்பட்ட பொதுமக்களுக்கு உதவப் புறப்படும் தொண்டர்களும், அந்த உதவியை வரிசையில் நின்று வாங்கியவர்களும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பல இலங்கையின் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவை. உதவிக் கோட்பாடுகள் எங்கே நின்றன, எங்கே சரிந்தன என்பதை நம்மவர்கள் மிக அருகிலிருந்து பார்த்த இடம் அதுதான்.

மனிதாபிமான உதவியும் அபிவிருத்தி உதவியும் ஒன்றுதானா?

இல்லை. உயிரைக் காப்பதும் துன்பத்தைத் தணிப்பதும் மனிதாபிமான உதவியின் வேலை. குடிநீர், உலர் உணவு, தறப்பாள், காயத்துக்கு மருந்து என்று அது இன்றைய தேவைக்குப் போகிறது. வீதி, குளம், பாடசாலை, வீடு, தொழில் என்று நாளைய வாழ்வுக்குப் போவது அபிவிருத்தி உதவி. அது பெரும்பாலும் அரசாங்கத்தின் திட்டங்களோடு இணைந்தே நடக்கும், ஆண்டுக்கணக்கில் நீளும். ஆனால் இருபது ஆண்டுகள் முகாமில் இருந்த ஒரு குடும்பத்துக்கு இந்த எல்லைக்கோடு எந்த நாளில் விழுகிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கோட்பாடுகள் எவை? அவை எங்கிருந்து வந்தன?

மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலைமை, சுயாதீனம் ஆகிய நான்கையும் இன்று எல்லா அமைப்புகளும் தங்கள் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் அச்சிடுகின்றன. துன்பம் எங்கே கண்டாலும் அதைத் தணிப்பது மனிதநேயம். தேவையை மட்டும் பார்த்து, தேவை மிகுந்தவருக்கு முதலில் கொடுப்பது பாரபட்சமின்மை. சண்டையில் எந்தப் பக்கமும் சேராதிருப்பது நடுநிலைமை. பணம் கொடுப்பவர், அரசு, படை ஆகியோரின் நோக்கங்களிலிருந்து விலகித் தானே முடிவெடுப்பது சுயாதீனம்.

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் சொல்ஃபெரினோ என்ற இடத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தும் காயமுற்றும் விழுந்தார்கள். ஹென்றி துனான் என்ற ஜெனீவா வியாபாரி தம் வியாபாரக் காரியமாகப் பிரெஞ்சு மன்னரைப் பார்க்கப் போனவர், பக்கத்து ஊரான காஸ்தில்யோனேயில் காயக்காரர்கள் தேவாலயத் தரையில் கிடப்பதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஊர்ப் பெண்கள் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பாராமல் ஒவ்வொருவனுக்கும் தண்ணீர் கொடுத்தார்கள், காயத்தைக் கழுவினார்கள். எல்லோரும் சகோதரர்களே என்பது அவர்கள் வாயிலிருந்து வந்த சொல். பாரபட்சமின்மை என்ற கோட்பாட்டை முதலில் நடத்திக் காட்டியவர்கள் அந்தப் பெண்கள்தான், சட்ட அறிஞர்கள் பிறகுதான் வந்தார்கள் என்பதை நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வதுண்டு.

1863இல் செஞ்சிலுவைக் குழு தோன்றியது. அடுத்த ஆண்டே முதல் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது. 1965இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் செஞ்சிலுவை இயக்கம் தன் ஏழு அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1991 டிசம்பரில் நிறைவேற்றிய 46/182ஆம் இலக்கத் தீர்மானத்தில் மனிதநேயம், நடுநிலைமை, பாரபட்சமின்மை மூன்றும் இடம்பெற்றன. சுயாதீனம் 2003இல்தான் சேர்ந்தது.

நடுநிலைமையும் பாரபட்சமின்மையும் ஒன்றுதானே?

இந்தக் குழப்பத்தைத்தான் அதிகம் காண்கிறேன், அனுபவம் உள்ளவர்களிடமும் காண்கிறேன். நடுநிலைமை சண்டையிடும் தரப்புகளை நோக்கியது. பாரபட்சமின்மை துன்பப்படும் மனிதரை நோக்கியது. முதலாவது ஒரு வழிமுறை மட்டுமே: இரு பக்கமும் நம்மை நம்பினால்தான் லொறி சோதனைச் சாவடியைத் தாண்டும். இரண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் விட முடியாது. நடுநிலை வகிக்காத ஓர் அமைப்பு, அதாவது ஒரு தரப்பின் அநீதியை வெளிப்படையாகக் கண்டிக்கும் அமைப்பு, பாரபட்சமின்றி மருந்து கொடுக்க முடியும். ஆனால் ஒரு சாராருக்கு மட்டும் மருந்து கொடுக்கும் அமைப்பு எவ்வளவு அமைதி காத்தாலும் அதற்கு மனிதாபிமான அமைப்பு என்ற பெயர் பொருந்தாது.

வன்னியின் வாயிலான ஓமந்தையில் இராணுவம், விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்புச் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே செஞ்சிலுவைக் கொடியோடு அலுவலர்கள் நின்ற காலத்தை வன்னிக்குப் போய் வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏ-9 வீதியில் ஒரு நோயாளி தெற்கே போவதற்கு அந்தக் கொடி தேவைப்பட்டது. நடுநிலைமையின் பயன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு அந்த நோயாளியின் பயணத்தைத்தான் அளவாகச் சொல்வேன்.

எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் அது பாரபட்சமின்மை ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. ஐந்து கிலோ அரிசி வீதம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தால் கணக்கு எழுத எளிது, சண்டையும் வராது. ஆனால் எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கும் இருவர் உள்ள குடும்பத்துக்கும் ஒரே ஐந்து கிலோ போகும். பாலூட்டும் தாய்க்கும் கடை வைத்திருப்பவருக்கும் ஒரே பொதி போகும். தேவை சமமாக இல்லாத இடத்தில் பங்கு மட்டும் சமமாக இருப்பதும் ஒருவகைப் பாரபட்சம்தான். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாவது மேலதிக நெறிமுறை, நிவாரணத்தில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

தேவையை அறிவது எப்படி என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையை அடித்தபோது அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். உதவி மலைபோல் வந்தது. யாரும் உடுத்த முடியாத பழைய துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்து மழையில் ஊறின. மீனவர் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்ததால் பட்டியல் எழுதும் வேலை இயல்பாகவே அவர்கள் கைக்குப் போனது. படகு வைத்திருந்தவர் பெயரும் வலை வைத்திருந்தவர் பெயரும் ஏறின. கரையில் மீன்கூடை சுமந்து கூலி வாங்கிய தலித்துகள், உப்பேறிய வயலில் வேலை இழந்தவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர்கள் ஆகியோர் கடலில் எதையும் இழக்காதவர்களாகக் கருதப்பட்டு விடுபட்டார்கள். சில முகாம்களில் தலித்துகள் தனியே ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. உதவி கொண்டுவந்த அமைப்புகள் எவையும் சாதி பார்க்கும் எண்ணத்தோடு வந்தவை அல்ல. ஊர் கொடுத்த பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டதுதான் அவை செய்த தவறு.

அப்படியானால் பட்டியலை யார் எழுத வேண்டும்?

யார் எழுதினாலும் ஒருவர் மட்டும் எழுதக்கூடாது. கிராம அலுவலரின் பதிவேடு தொடக்கமாக இருக்கலாம். ஆனால் அதில் பதியாமல் குடியிருப்பவர்கள் உண்டு, வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருப்பவர்கள் உண்டு. ஊர்த் தலைவர்களிடம் கேட்ட பிறகு பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கடைசித் தெருவுக்கு நடந்தே போக வேண்டும். வாகனம் நுழையாத ஒழுங்கையில் இருப்பவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது என்பது என் அனுபவம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் உலர் உணவு பகிர்ந்தோம். வேப்பமரத்தடியில் மேசை, மேசையில் பட்டியலும் மைப்பெட்டியும், எதிரே வெயிலில் வரிசை. ஓர் அம்மா கொண்டுவந்த குடும்ப அட்டை கணவர் பெயரில் இருந்தது. பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே காணாமற்போனவர் என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். குடும்பத் தலைவர் வராமல் பொதி கொடுக்க விதியில்லை என்று நான் படித்ததை ஒப்பித்தேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. "தம்பி, அவர் பேரிலதான் காட். அவர் இல்லையெண்டா நான் ஆர்?" என்று மட்டும் கேட்டார். அன்று அவருக்குப் பொதி கிடைத்தது. அடுத்த மாதம் பட்டியலின் தலைப்பிலிருந்து குடும்பத் தலைவர் என்ற சொல்லை எடுத்தோம். அதற்கு முந்திய மாதங்களில் எத்தனை பேர் கேட்காமலே திரும்பிப் போனார்கள் என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை.

ஆட்தொகையைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்?

பட்டியல் ஒரு தனிமனிதரை விலக்குவதைப் போலவே, எண்ணிக்கை ஒரு பெருந்திரளையே விலக்கிவிடும். இதற்கு வன்னியைவிடக் கொடிய எடுத்துக்காட்டை நான் அறியேன். 2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததை அடுத்து ஐ.நா. அமைப்புகளும், செஞ்சிலுவைக் குழு போன்ற மிகச் சில தவிர ஏனைய சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. மக்கள் அலுவலக வாயிலில் கூடி, போகவேண்டாம் என்று கேட்டார்கள். அதன் பிறகு உணவு லொறித் தொடர்கள் மட்டும் இடையிடையே போய்வந்தன, 2009 ஜனவரிக்குப் பின் அதுவும் நின்றது.

அந்த மாதங்களில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று கொழும்பில் அதிகாரிகள் சொன்னார்கள். முல்லைத்தீவில் இருந்த அரச நிர்வாக அதிகாரிகள் தங்கள் பதிவுகளைக் கொண்டு 3,30,000 என்று கணித்தார்கள். எந்த எண்ணை வைத்து அரிசி அனுப்புவது? போர் முடிந்தபோது மெனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, அரசாங்கம் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் கூறியது என்றும், உணவும் சத்திரசிகிச்சை மருந்துகளும் போதாமற்போனதற்கு அதுவும் காரணம் என்றும் சொன்னது. மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்ததையும், தப்பியோட முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை குறிப்பிட்டது. இந்த இரண்டையும் ஒருங்கே சொல்லாமல் அந்த மாதங்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

அரசாங்கம் அனுமதி மறுத்தால் உள்ளே போக வழி உண்டா?

சர்வதேசச் சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. 1949 ஆகஸ்ட் 12ஆம் திகதிய நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, பாரபட்சமற்ற மனிதாபிமான அமைப்பு எதுவும் தன் சேவையைத் தருவதாக முன்வரலாம் என்கிறது. அப்படி முன்வருவதைத் தலையீடு என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் நிவாரணம் உள்ளே செல்லச் சம்பந்தப்பட்ட அரசின் சம்மதம் தேவை. நிவாரண லொறிகளை அந்த அரசு சோதிக்கலாம், பாதையையும் நேரத்தையும் குறிக்கலாம். தக்க காரணமின்றி மறுப்பது மட்டும் ஆகாது. பொதுமக்களைப் பட்டினி போடுவதை ஒரு போர் முறையாகக் கையாள்வது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 1977ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இலங்கையும் இந்தியாவும் சேரவில்லை என்றாலும், இந்தத் தடை வழக்காற்றுச் சட்டமாக எல்லாத் தரப்பினரையும் கட்டுப்படுத்துகிறது.

சிரியாவில் 2014 ஜூலையில் பாதுகாப்புச் சபை 2165ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம், சிரிய அரசின் சம்மதம் இல்லாமலே அண்டை நாடுகளின் எல்லை வழியாக உதவி செல்ல வழி திறந்தது. நான்கு எல்லைக் கடவைகளில் தொடங்கியது, ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும்போது சுருங்கி 2020இல் பாப் அல்-ஹவா ஒன்றே மிஞ்சியது. 2023 ஜூலையில் ரஷ்யா தன் இரத்து (வீட்டோ) அதிகாரத்தைப் பயன்படுத்தியதால் அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது.

ஆயுதக் குழுக்களோடு பேசுவது அவர்களை அங்கீகரிப்பதாகாதா?

ஆகாது. பொது உறுப்புரை மூன்றே, அதன் ஏற்பாடுகளைக் கடைப்பிடிப்பது தரப்புகளின் சட்ட அந்தஸ்தை மாற்றாது என்று தெளிவாகக் கூறுகிறது. நிலத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் பேசாமல் அந்த நிலத்தில் இருப்பவருக்குச் சோறு கொண்டுபோக முடியாது. ஆனால் அரசியலில் இந்த விளக்கம் எளிதில் எடுபடுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணத்தைப் பகிர்வதற்காக 2005 ஜூனில் இலங்கை அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டன. சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது, பிறகு அது எழவே இல்லை. அதைத் தெற்கில் எதிர்த்தவர்களின் குரல்தான் அதிகம் கேட்டது. 10,000க்கும் அதிகமானோர் இறந்த அம்பாறை மாவட்டத்தில் இழப்பின் பெரும்பங்கைச் சுமந்த முஸ்லிம்கள், எங்கள் கையெழுத்து எங்கே என்று கேட்டது அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

காயப்பட்ட போராளிக்குச் சிகிச்சை அளிக்கலாமா?

அளித்தே ஆக வேண்டும். காயத்தால் ஆயுதத்தைக் கீழே வைத்தவர் சட்டத்தின் பார்வையில் சண்டையாளர் அல்லர். யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவக் காரணம் மட்டுமே தீர்மானிக்கலாம்.

கண்ணால் கண்டதை அமைப்புகள் ஏன் வெளியே சொல்வதில்லை?

சொன்னால் வெளியேற்றப்படுவார்கள், வெளியேறினால் காயக்காரரை வெளியே கொண்டுவர ஆள் இருக்காது. செஞ்சிலுவைக் குழு தரப்புகளோடு மூடிய அறையில் பேசுவதைத் தன் முறையாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம். அந்த முறை அதற்குப் பழியையும் தேடித் தந்தது. 1942 அக்டோபரில், யூதர்கள் கொண்டுசெல்லப்படுவதை அறிந்திருந்தும் பகிரங்க வேண்டுகோள் விடுப்பதில்லை என்று முடிவெடுத்ததைத் தன் வரலாற்றின் பெருந்தோல்வி என்று அதுவே பின்னாளில் ஒப்புக்கொண்டது. நைஜீரியாவின் பியாஃப்ராப் போரில் இந்த மௌனத்தைப் பொறுக்காத பிரெஞ்சு மருத்துவர்கள் சிலரும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். பேசுவதும் மருத்துவத்தின் பகுதி என்பது அவர்கள் நிலை. பேசியதால் 1985இல் எதியோப்பியாவிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

எது சரி என்று என்னைக் கேட்டால், யார் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்பேன். 2009 பெப்ரவரி முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயமடைந்தவர்களையும் நோயாளரையும் அவர்களோடு வந்தவர்களையும் கப்பலில் ஏற்றியது. கப்பல் கரையை நெருங்க முடியாததால் சிறு படகுகளில் கொண்டுபோய் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறத்தாழ 14,000 பேர் அப்படிக் காப்பாற்றப்பட்டார்கள். அதன் ஊழியர் மூவர் அந்த மாதங்களில் கொல்லப்பட்டார்கள். வாய் மூடி வேலை செய்ததன் பயன் அந்த 14,000 பேர். கப்பல் கரைக்கு வரவே முடியாமற்போன மே நடுப்பகுதியில், கற்பனைக்கு எட்டாத மனிதாபிமானப் பேரழிவு என்று அந்த அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது.

ஐக்கிய நாடுகளின் மௌனத்தை இந்த நியாயத்தால் மூட முடியாது. பகிரங்கமாகப் பேசுவது அதன் கடமைகளில் ஒன்று. அதன் அலுவலர்கள் சேகரித்த உயிரிழப்புக் கணக்குகள் அந்த வாரங்களில் வெளியிடப்படவில்லை. ஐ.நா.வின் உள்ளக ஆய்வுக் குழு 2012 நவம்பரில் இதைப் பெருந்தோல்வி என்றே எழுதியது.

பணம் கொடுக்கும் நாடுகளுக்கு நோக்கம் இருக்காதா?

இருக்கும். நோக்கமில்லாப் பணத்தை நான் கண்டதில்லை. எந்த நோக்கத்துக்குப் பணிவது என்பதில்தான் சுயாதீனம் இருக்கிறது. தொலைக்காட்சியில் வந்த ஊருக்குப் பணம் பாய்வதும், வராத ஊர் காத்திருப்பதும் பாரபட்சம்தான், செய்தவர் யார் என்று சுட்டிக்காட்ட முடியாத பாரபட்சம். பயங்கரவாதத் தடைச் சட்டங்களும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2011 ஜூலையில் தெற்குச் சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது அந்தப் பகுதியை வைத்திருந்த அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு பல அமைப்புகளைத் தடை செய்திருந்தது. மறுபுறம், தங்கள் உணவில் ஒரு மூட்டை அந்தக் குழுவின் கைக்குப் போனால் வழக்கு வருமோ என்று அமைப்புகள் அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சின. இரண்டுக்கும் நடுவே இலட்சக்கணக்கில் இறந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். பாதுகாப்புச் சபை தன் சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்குப் பொது விலக்கு அளித்தது 2022 டிசம்பரில்தான்.

உதவியே தீங்காக மாறுவதுண்டா?

உண்டு. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து சில நாட்களுக்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அண்டை நாடான ஸயரின் (இன்றைய கொங்கோ) கோமா நகரப் பகுதிக்குள் புகுந்தார்கள். வாந்திபேதியில் முதல் மாதத்திலேயே பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உதவி அவசரமாக வந்தது, முகாம்களை நடத்தும் பொறுப்பு அங்கே தலைவர்களாக நின்றவர்களிடம் போனது. அவர்களில் பலர் அதற்கு முந்திய மாதங்களில் ருவாண்டாவில் இனப்படுகொலையை நடத்தியவர்கள். அவர்களே பட்டியல் எழுதினார்கள், இல்லாத பெயர்களைச் சேர்த்தார்கள், மிஞ்சிய உணவை விற்று ஆயுதம் தேடினார்கள். அந்த ஆண்டு முடிவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு முகாம்களை விட்டு விலகியது. உள்ளே உண்மையான பசியும் இருந்ததால் பலர் விலகவில்லை. இரு முடிவுக்கும் நியாயம் உண்டு, இன்றும் இந்தத் துறையில் இது வாதமாகவே இருக்கிறது. அந்த அனுபவத்தின் பின்தான் 1997இல் உதவி அமைப்புகளின் கூட்டு முயற்சியான ஸ்ஃபியர் திட்டம் குறைந்தபட்ச அளவுகளை எழுதத் தொடங்கியது.

அந்த அளவுகள் என்ன?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 2,100 கிலோகலோரி உணவு, 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம். 3.5 சதுர மீற்றர் என்பது ஒரு பாய் விரித்து, பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தால் நிறைந்துவிடும் இடம். இந்த எண்கள் இலக்கு அல்ல, இவற்றுக்குக் கீழே போகக்கூடாது என்ற தளம். முகாமுக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரருக்கே பத்து லீற்றர்தான் கிடைக்கிறது என்றால் அவர்களையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயடியில் சண்டை மூளும்.

அபிவிருத்தி உதவிக்கும் இதே கோட்பாடுகள் பொருந்துமா?

பாரபட்சமின்மை பொருந்தும், நடுநிலைமை அப்படியே பொருந்தாது. 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம், உதவி பெறும் நாடே தன் திட்டத்தை வகுக்க வேண்டும், கொடுப்பவர்கள் அதனோடு இணங்கிச் செல்ல வேண்டும் என்கிறது. சாதாரண காலத்தில் இது நல்ல கொள்கை. ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்த நாட்டில், திட்டத்தை வகுக்கும் அரசே போரின் ஒரு தரப்பாகவும் இருந்திருக்கும். யார் ஊருக்கு முதலில் மின்சாரம், எந்தக் காணி விடுவிக்கப்படும் என்பதெல்லாம் அபிவிருத்தி என்ற பெயரில் நடக்கும் அரசியல் முடிவுகள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசமே தரப்பட்டது. பெரும்பாலோர் புத்தளத்தில் முகாம்களில் குடியேறினார்கள். 2009க்குப் பின் மீள்குடியேற்றம் தொடங்கியபோது, 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதிய இடம்பெயர்ந்தோர் என்றும் அதற்கு முந்தியவர்கள் பழையவர்கள் என்றும் பிரிக்கப்பட்டார்கள். உதவிப் பொதிகள் முதலில் புதியவர்களுக்கே போயின. மெனிக் பாமிலிருந்து வந்தவர்களின் நிலை உடனடி ஆபத்தானது என்பதால் அந்த முன்னுரிமைக்குக் காரணம் இருந்தது. ஆனால் முன்னுரிமை ஆண்டுகள் கடந்தும் நீடித்தால் அது விலக்கலாகிவிடுகிறது. பறிபோன வீட்டின் அத்திவாரத்தில் காடு வளர்ந்திருந்த ஒரு மன்னார் முஸ்லிம் குடும்பத்துக்கும், கூரை போன ஒரு முல்லைத்தீவுத் தமிழ்க் குடும்பத்துக்கும் தேவை வீடுதான். ஒரு திகதி அவர்களைப் பிரித்தது.

வீட்டுத் திட்டங்களில் புள்ளி முறை வந்த பிறகு பாரபட்சம் ஒழிந்துவிட்டதாகச் சிலர் நம்புகிறார்கள். குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுத்தால் தனித்து வாழும் முதியவர் பின்னுக்குப் போவார். காணி உறுதி கேட்டால் காணி இல்லாதவர் விழுந்துவிடுவார். எந்த அளவுகோலையும் எழுதி முடித்ததும், இதனால் யார் விடுபடுவார் என்று ஒருமுறை தலைகீழாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் ஊர்ச் சங்கம் சொந்த ஊருக்கு மட்டும் உதவுகிறது. அது பாரபட்சமா?

தவறில்லை. பிறந்த ஊருக்குக் கிணறு வெட்டுவதும் படித்த பாடசாலைக்குக் கூரை போடுவதும் பாராட்ட வேண்டியவையே. அதைப் பாரபட்சமற்ற மனிதாபிமானப் பணி என்று அழைக்காமல் இருந்தால் போதும். ஒரு பிரதேசத்தின் வரைபடத்தை எடுத்து, வெளிநாட்டில் சங்கம் உள்ள ஊர்களுக்கு வண்ணம் தீட்டினால் வெள்ளையாக மிஞ்சும் இடங்கள் தாமாகத் தெரியும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்த வெள்ளை இடங்களில் பல, 1977 வன்செயலுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த மலையகத் தமிழரின் குடியிருப்புகள். அவர்களுக்குக் கனடாவில் மாமாவும் இல்லை, லண்டனில் பழைய மாணவர் சங்கமும் இல்லை. போரில் எல்லோரையும் போலவே இழந்தார்கள், மீண்டபோது பணம் அனுப்ப ஆளில்லாமல் பின்தங்கினார்கள். சங்கங்கள் தங்கள் நிதியில் ஒரு பங்கை இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒதுக்குவது நல்லது. அரசாங்கமும் பெரிய அமைப்புகளும் எங்கே முதலில் போக வேண்டும் என்பதற்கும் இதே வரைபடம் உதவும்.

மத அமைப்புகள் உதவி செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். 2008இல் வன்னியில் தங்கிய மிகச் சிலரில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பினரும் இருந்தார்கள். பொதியோடு பிரசங்கத்தைக் கட்டக்கூடாது. அரசியல், மதக் கருத்தை வளர்க்க உதவியைக் கருவியாக்கக் கூடாது என்பது செஞ்சிலுவை இயக்கத்துக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் பொதுவான 1994ஆம் ஆண்டின் நடத்தை விதிக்கோவையில் உள்ளது.

தொண்டர்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

சட்டத்தில் உண்டு. 2006 ஆகஸ்டில் மூதூரில், பட்டினிக்கெதிரான பிரெஞ்சு அமைப்பு ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அமைப்பின் பெயர் பொறித்த மேற்சட்டைகளை அணிந்திருந்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. உலகெங்கும் கொல்லப்படும் உதவிப் பணியாளரில் மிகப் பெரும்பான்மையினர் இவர்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள். வெளிநாட்டு அலுவலருக்கு விமானம் வரும், உள்ளூர்ப் பணியாளருக்கு வீடு அங்கேயே இருக்கிறது.

உதவி பெறுபவர் கேள்வி கேட்கலாமா? பட்டியலில் பெயர் இல்லையென்றால் எங்கே போவது?

கேட்கலாம், கேட்பதற்கு வழியமைத்துக் கொடுப்பது அமைப்பின் கடமை. பகிர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பட்டியலையும் தெரிவு விதிகளையும் கூட்டுறவுக் கடைச் சுவரிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ ஒட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் வெளியே தெரிந்தால் ஆபத்து வரக்கூடியவர்களை, சரணடைந்தவர்களின் குடும்பங்களையும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களையும், ஒருபோதும் சுவரில் ஒட்டும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்குத் தனி வழி வேண்டும்.

முறைப்பாட்டுப் பெட்டி பெரும்பாலான அலுவலகங்களில் தொங்குகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் எழுதியவரிடமே சாவியும் இருந்தால், அந்தப் பெட்டியில் யாரும் எதையும் போடமாட்டார்கள்.